வரிச்சட்டைக்காரனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

"மாப்ள, எல்லாம் ஸ்கிரிப்ட்டுடா. முடிவை எழுதி வச்சுட்டுத்தான் ஆடவே வர்றானுங்க."

2025 ஜனவரி 18, சனிக்கிழமை சாயங்காலம். ஹூஸ்டன் டெக்சன்ஸும் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸும் மோதின ப்ளே-ஆஃப் ஆட்டம். நண்பன் வீட்டு சோஃபாவுல நாலு பேர், நடுவுல ஒரு தட்டு பஜ்ஜி. சீஃப்ஸோட குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பந்தை எடுத்துகிட்டு ஓடறார். கடைசி நொடி வரைக்கும் போக்குக் காட்டிட்டு சறுக்கி உக்கார்றார். பாய்ஞ்சு வந்த ரெண்டு டெக்சன்ஸ்காரங்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுகிட்டு விழறாங்க. மஹோம்ஸ் மேல பட்டது பெருசா ஒண்ணுமில்ல. ஆனா மஞ்சக் கொடி பறந்து வந்து விழுது. டெக்சன்ஸுக்கு பதினஞ்சு கஜம் அபராதம்.

நண்பன் பஜ்ஜியை டிவி மேல எறியப் போனான். நாங்க பிடிச்சு உக்கார வச்சோம்.

அவன் மட்டுமில்ல, நேரடி வர்ணனையில இருந்த ட்ராய் எய்க்மனே பொறுமையிழந்துட்டார். எய்க்மன் யாரு? டல்லஸ் கௌபாய்ஸுக்கு மூணு சூப்பர் பௌல் ஜெயிச்சுக் கொடுத்த குவார்ட்டர்பேக். தலையில அடி மேல அடி வாங்கி ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்பேக்கைப் பாதுகாக்கணும்னு பேச அவரை விடத் தகுதியான ஆள் கிடையாது. அவரே "இதை சீசன் முடிஞ்சதும் சரி பண்ணியே ஆகணும்"ங்கற மாதிரி பொரிஞ்சு தள்ளினார்.

அன்னிக்கு ராத்திரிலேர்ந்து ஊர் பூரா ஒரே பாட்டு. ரெஃப்ரீங்க சீஃப்ஸோட சம்பள லிஸ்ட்ல இருக்காங்க, மஹோம்ஸ் தும்மினா கொடி விழும், லீக்குக்கு சீஃப்ஸ் ஜெயிச்சாத்தான் வியாபாரம்.

என் கட்சி வேற. ரெஃப்ரீயை யாரும் விலைக்கு வாங்கல. வாங்கியிருந்தாக்கூடப் பரவாயில்ல, ஒரு நாள் மாட்டுவான், உள்ள போடலாம். நடக்கறது அதை விட மோசம். எல்லாமே சட்டப்படி நடக்குது. அந்த சட்டத்தை எழுதின ஆசாமிங்க நியூயார்க் பார்க் அவென்யூ ஆபீஸ்ல ஏசியில உக்காந்திருக்காங்க. நாம பாவம், ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் பாக்கற வரிச்சட்டைக்காரனைப் பிடிச்சு நாலு தலைமுறைக்கும் சேத்துத் திட்டிகிட்டு இருக்கோம்.

மேல போறதுக்கு முன்னாடி ஒரு வாக்குமூலம். நான் நியூயார்க் ஜெட்ஸ் ரசிகன். சிரிக்காதீங்க :-) சூப்பர் பௌல் ஒரே ஒரு தடவை ஜெயிச்சோம், 1969 ஜனவரியில. ப்ளே-ஆஃப்பையே 2010 சீசனுக்கு அப்புறம் பாக்கல. ரெஃப்ரீ ஏமாத்திட்டான்னு அழறதுக்கு எனக்கு இருக்கற உரிமை எவனுக்கும் கிடையாது. உதாரணத்துக்கு 2023 அக்டோபர் 1. அதே சீஃப்ஸ், அதே மஹோம்ஸ், எங்க ஊர் மைதானம். ஆட்டம் முடியப் போற நேரம். மூணாவது வாய்ப்பு, இன்னும் இருவது கஜம் போகணும். மஹோம்ஸ் வீசின பந்தை எங்காளு பிடிச்சுட்டான். நான் சோஃபா மேல ஏறிக் குதிச்சுட்டேன். குதிச்ச கால் தரையில படறதுக்குள்ள திரையில மஞ்சக் கொடி. எங்க சாஸ் கார்ட்னர் எதிராளியைப் பிடிச்சு இழுத்துட்டாராம், ஹோல்டிங்காம். பந்து திரும்ப மஹோம்ஸ் கைக்கே போச்சு. 23-20, தோத்தோம். அன்னிக்கு என்கிட்ட யாராவது "சதி"ன்னு சொல்லியிருந்தா ரத்தத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன்.

ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே. 1998 டிசம்பர் 6. ஜெட்ஸும் சியாட்டில் சீஹாக்ஸும். கடைசி நொடிகள்ல எங்க குவார்ட்டர்பேக் வின்னி டெஸ்டவெர்டி கோட்டை நோக்கிப் பாயறார். கோட்டைத் தாண்டினது அவரோட ஹெல்மெட். பந்து தாண்டல. ஊரே பாத்துச்சு. ஆனா டச்டவுன்னு கையைத் தூக்கிட்டாங்க. 32-31, ஜெயிச்சோம். சீஹாக்ஸ் அந்த சீசனை 8-8னு முடிச்சு, கோச்சையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்த அசிங்கமும் ஒரு காரணமாகி, 1999ல ரீப்ளே பாத்துத் தீர்ப்பை மாத்தற முறையைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. அப்ப லீக் ஜெட்ஸுக்காக சதி பண்ணுச்சா? ஜெட்ஸுக்காக! அப்படி ஒரு சதிகாரன் இருந்தான்னா அவனை விட ஏமாளி உலகத்துல கிடையாது.

இதான் சதிக் கதைகள்ல இருக்கற பெரிய ஓட்டை. இருவது வருஷக் கணக்கை எடுத்து விரிச்சா, இன்னிக்கு அழறவன் நேத்து சிரிச்சவனா இருப்பான்.

எல்லாருக்கும் தெரிஞ்ச கேஸையே எடுத்துக்கலாம். 2002 ஜனவரி 19, ஃபாக்ஸ்பரோ, கொட்டற பனி. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 13, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 10. ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மி. சார்ல்ஸ் வுட்சன் பாய்ஞ்சு வந்து டாம் பிரேடியைத் தட்டறார், பந்து நழுவுது, ரெய்டர்ஸ் மேல விழுந்து அமுக்கிட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ரெஃப்ரீ வால்ட் கோல்மன் ரீப்ளே பாத்துட்டு வந்து, "கை முன்னாடி போய்கிட்டு இருந்தது, அதனால இது நழுவல் இல்ல, முழுமையடையாத பாஸ்"னு சொல்லிட்டார். அப்புறம் வினட்டியேரி பனியில அடிச்ச 45 கஜ உதை, சமன். கூடுதல் நேரத்துல பேட்ரியாட்ஸ் 16-13. அந்த வருஷ சூப்பர் பௌலும் அவங்களுக்கே. ஒரு சாம்ராஜ்யமே அங்கதான் தொடங்குச்சு.

ரெய்டர்ஸ் ரசிகன்கிட்ட இன்னிக்கும் இதைப் பேசிப் பாருங்க, கண்ணு சிவக்கும். கோல்மன் அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷத்துக்கும் மேல வேலை பாத்தார், ஆனா ரெய்டர்ஸ் ஆட்டம் ஒண்ணுக்குக்கூட அவரை அனுப்பல. நம்ம ஊர் ஆளுங்களுக்கு 2008 சிட்னி டெஸ்ட் ஞாபகம் வரும். பக்னரை அடுத்த பெர்த் டெஸ்ட்லேர்ந்து தூக்கின கதை.

ஆனா கோல்மன் என்ன தப்பு பண்ணார்? 1999லேர்ந்து புத்தகத்துல அந்த விதி இருந்தது. வீசறதுக்காகக் கை முன்னாடி போக ஆரம்பிச்சுட்டா, பந்தைத் திரும்ப மார்போட அணைச்சுக்க நினைச்சாலும் அது வீச்சுதான்னு. டக் ரூல்னு பேரு. மடத்தனமான விதி. ஆனா விதி. அதே சீசன்ல, 2001 செப்டம்பர் 23ஆம் தேதி, அதே விதியை வச்சு பேட்ரியாட்ஸ் கைக்கு வந்த பந்தைப் பிடுங்கிக் குடுத்தாங்க. யாருக்கு? வேற யாருக்கு, எங்க ஜெட்ஸுக்குத்தான். நழுவவிட்டவர் அதே டெஸ்டவெர்டி. இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. அதே ஆட்டத்துலதான் எங்க மோ லூயிஸ், பேட்ரியாட்ஸோட ட்ரூ ப்ளெட்ஸோவை இடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பதிலுக்கு உள்ள வந்த பொடியன்தான் பிரேடி. எங்க தலையில நாங்களே மண்ணை வாரிப் போட்டுகிட்ட நாள் அது. சரி, அந்த சோகம் வேற.

இன்னும் பின்னாடி போனா 1976 டிசம்பர். அதே ரெண்டு டீம், அதே மாதிரி ப்ளே-ஆஃப். பேட்ரியாட்ஸோட ஷுகர் பேர் ஹாமில்டன், ரெய்டர்ஸ் குவார்ட்டர்பேக் கென் ஸ்டேப்ளரை முரட்டுத்தனமா இடிச்சார்னு பென் ட்ரைத் ஒரு கொடி வீசினார். ரெய்டர்ஸ் 24-21 ஜெயிச்சு, சூப்பர் பௌலையும் தூக்கினாங்க. பாஸ்டன்ல இருக்கற பெருசுங்க அந்தக் கொடியை இன்னும் மறக்கல. டக் ரூலுக்கு அழற ரெய்டர்ஸ்காரன் இதைப் பத்தி மூச்சு விட மாட்டான்.

அப்ப ரெஃப்ரீங்க பாரபட்சமே பாக்கறதில்லயான்னு கேட்டா, இருக்கு. நல்லாவே இருக்கு. ஆனா அது டீம் பேரைப் பாத்து இல்ல. நட்சத்திரத்தைப் பாத்து. அதுக்குத்தான் இவ்வளவு சுத்து.

என்.எஃப்.எல். விதிப் புத்தகத்தோட பன்னிரெண்டாவது விதியில, பந்து வீசறவரை முரட்டுத்தனமா இடிக்கறதைப் பத்தின பகுதியில ஒரு வரி இருக்கு. சாரம் இதுதான்: குவார்ட்டர்பேக்கை இடிச்சது முரட்டுத்தனமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, ரெஃப்ரீ எப்பவும் குற்றம்னே தீர்ப்பு சொல்லணும். திரும்பப் படிங்க. சந்தேகத்தின் பலனை உலகமெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் குடுப்பாங்க. இங்க குற்றம் சாட்டறதுக்கே குடுக்கறாங்க, அதுவும் எழுத்துல. பதினஞ்சு கஜம் தண்டனை, கூடவே நாலு புது வாய்ப்பு இனாம். ஒரு நிமிஷத்துல ஆட்டமே தலைகீழாப் போயிடும்.

இந்தப் பாதுகாப்பு எப்படி வளர்ந்ததுன்னு பாத்தா இன்னும் வேடிக்கை. 2006 ஜனவரியில சின்சினாட்டியோட கார்சன் பாமருக்கு ப்ளே-ஆஃப்ல முட்டி போச்சு. உடனே அந்த வருஷமே கீழ வந்து காலை இடிக்கறதுக்குக் கட்டுப்பாடு. 2008 முதல் ஆட்டத்துல பிரேடிக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சது. 2009ல தரையில விழுந்து கிடக்கறவன் குவார்ட்டர்பேக் கால் மேல பாயக் கூடாதுன்னு விதி. ஊர்ல அதுக்கு வச்ச பேரே பிரேடி ரூல். 2017 அக்டோபர்ல க்ரீன் பே பேக்கர்ஸோட ஏரன் ராஜர்ஸுக்கு காறை எலும்பு உடைஞ்சது. 2018ல முழு உடம்பு எடையையும் குவார்ட்டர்பேக் மேல போட்டு விழக் கூடாதுன்னு கெடுபிடி. அந்தரத்துல பாய்ஞ்சவன் எடையை எங்கய்யா கொண்டு போய் வைப்பான்? பக்கத்து வீட்லயா?

அந்தக் கெடுபிடியில மாட்டினது யாருன்னு நினைக்கறீங்க? ராஜர்ஸோட சொந்த டீம்தான். 2018 செப்டம்பர் 16, மின்னசோட்டாவோட ஆட்டம். முடியற நேரத்துல க்ரீன் பேக்காரன் பந்தைப் பிடிச்சு ஜெயிச்சாச்சுன்னு ஆடினான். க்ளே மேத்யூஸ் குவார்ட்டர்பேக்கை இடிச்ச விதம் சரியில்லன்னு கொடி. பந்து திரும்பப் போய், ஆட்டம் 29-29 டிரா.

அதே மாதிரி 2022 அக்டோபர் 9. அட்லாண்டாவோட க்ரேடி ஜாரட், பிரேடியை இடுப்பைப் பிடிச்சுச் சுத்திக் கீழ போட்டார். கல்யாண வீட்டுல குழந்தையைத் தூக்கி இறக்கற மாதிரி. அதுக்கும் கொடி. தம்பா பே 21-15. "ஆஹா, பிரேடின்னா சலுகை"ன்னு எல்லாரும் கத்தி முடிக்கல, மறுநாள் ராத்திரியே சீஃப்ஸோட க்றிஸ் ஜோன்ஸ், ரெய்டர்ஸ் குவார்ட்டர்பேக் டெரிக் காரைத் தள்ளி, பந்தையும் பிடுங்கிக் கையில வச்சுகிட்டே மேல விழுந்தார். அதுக்கும் கொடி! லீக்கோட செல்லப்பிள்ளைன்னு சொல்ற அதே சீஃப்ஸ் மேல, அவங்க சொந்த மைதானத்துல. பத்து நாள் முன்னாடிதான் மயாமியோட டூவா தலையில அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல போனதை நாடே பாத்திருந்துச்சு. அந்த பயத்துல புத்தகத்துல இருக்கற "சந்தேகம் வந்தா" வரி எல்லார் மண்டையிலயும் ஏறி உக்காந்துகிச்சு.

பாதுகாப்பு வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் முட்டாள் இல்ல. எய்க்மன் மண்டையும் மண்டைதான். ஆனா அந்தப் பாதுகாப்பு எல்லா மண்டைக்கும் ஒண்ணா இருக்கா? இந்த ஒரு இடத்துலதான் எனக்கு நிஜமாவே கோபம் வருது.

கேரலைனா பேந்தர்ஸோட கேம் நியூட்டன். ஆறடி அஞ்சங்குலம், 245 பவுண்டு. 2015 சீசனோட சிறந்த ஆட்டக்காரர். 2016 செப்டம்பர் 8, சீசனோட முதல் ஆட்டம், டென்வர். தலையிலேயே திரும்பத் திரும்ப ஹெல்மெட்டால இடி. கடைசியில ஒரே ஒரு கொடி விழுந்துச்சு, அதையும் நியூட்டன் பேர்ல இன்னொரு தப்பைச் சொல்லி நேர் பண்ணிட்டாங்க. 21-20 தோல்வி. ஆட்டம் முடிஞ்சப்புறம் இடிச்சவங்களுக்கு லீக் அபராதம் போட்டுச்சு. அதாவது ஆட்டத்துல குற்றம் தெரியல, ஆபீஸ்ல தெரிஞ்சுது. அக்டோபர் கடைசியில அரிசோனா ஆட்டம் முடிஞ்சு அந்த மனுஷன், எனக்குப் பாதுகாப்பா இருக்கற மாதிரியே தெரியல, கமிஷனர்கிட்டயே பேசப் போறேன்னு சொன்னார். ஆறடி அஞ்சங்குல ஆளு அப்படிச் சொன்னது இன்னும் என் காதுல இருக்கு.

ஏன் அவருக்கு மட்டும்? தோல் நிறம்னு சிலர் சொல்வாங்க. அதை நான் தூக்கி எறிய மாட்டேன், ஆனா மஹோம்ஸோட அப்பாவும் கறுப்பர்தான். எனக்குத் தோணறது இது: ஒல்லியா ஒருத்தன் நின்ன இடத்துலேர்ந்து வீசிட்டு பொத்துன்னு விழுந்தா, பாக்கறவன் மனசு பதறும். மலை மாதிரி ஒருத்தன் இடி வாங்கிட்டு எழுந்து நடந்தா, "அவன் தாங்குவான்"னு தோணும். ஒரு நொடியில முடிவெடுக்கற ரெஃப்ரீயும் மனுஷன்தானே? "சந்தேகம் வந்தா"ன்னு விதியை எழுதிட்டா, சந்தேகம் யாரைப் பாத்து வருதுங்கறதுதான் தீர்ப்பு. நியூட்டனைப் பாத்து யாருக்கும் சந்தேகமே வரல. அப்புறம் தோளுக்கு ரெண்டு ஆபரேஷன், 2020ல டீமே விடுவிச்சுட்டாங்க. எல்லாத்துக்கும் அந்த வராத கொடிகள்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், அவர் ஓடின ஓட்டமும் அப்படி. ஆனா ஒரு பங்கு இல்லைன்னு யாராவது என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்.

2025ல எல் பாசோவுல இருக்கற டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பெனால்டிகளை அலசி, ப்ளே-ஆஃப்ல மஹோம்ஸ் காலத்து சீஃப்ஸுக்கு சாதகமா சாய்வு தெரியுதுன்னு எழுதினாங்க. நண்பன் அதைத் தூக்கிகிட்டு ஓடி வந்தான், "இப்ப என்னடா சொல்றே?" நான் சொன்னேன், அவங்களும் யாரும் பணம் வாங்கினதா சொல்லலடா. எவனால லீக்குக்கு வருமானமோ, அவன் பக்கம் தராசு தன்னால சாயும்னுதான் சொல்றாங்க. நான் தொண்டை கிழிய கத்தறதும் அதேதான்.

சதின்னு கத்தறதால யாருக்கு லாபம் தெரியுமா? லீக்குக்குத்தான். 2025 பிப்ரவரியில, சூப்பர் பௌல் வாரத்துல, கமிஷனர் ராஜர் குட்டெல்கிட்ட சீஃப்ஸ் பத்திக் கேட்டாங்க. கேலிக்கூத்தான கருத்துன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டுப் போயிட்டார். அவர் சொன்னது சரிதானே! ஆறு நாள் கழிச்சு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அதே சீஃப்ஸைத் துவைச்சுக் காயப்போட்டாங்க, 40-22. ஒரு கட்டத்துல 34-0. மஹோம்ஸை ஆறு தடவை பந்தோட சேத்துக் கீழ தள்ளினாங்க. கொடி வந்து காப்பாத்தலையே? சொல்லப்போனா அந்த டெக்சன்ஸ் ஆட்டத்துலயும், ஹூஸ்டன் குவார்ட்டர்பேக் எட்டு தடவை கீழ விழுந்தார், உதைக்கறவர் ரெண்டு தவறவிட்டார், ஒண்ணைத் தடுத்துட்டாங்க. அதையெல்லாம் ரெஃப்ரீ கணக்குல எழுத முடியாது. நாம தப்பான கேள்வி கேட்டோம், அவர் சுலபமா பதில் சொல்லிட்டார்.

சரியான கேள்வி நியூ ஆர்லியன்ஸ்ல இருக்கு. 2019 ஜனவரி 20. ஜெயிச்சா சூப்பர் பௌல். 20-20. ரெண்டு நிமிஷம்கூட இல்ல. செயின்ட்ஸோட டாமிலீ லூயிஸுக்குப் பந்து வருது. வர்றதுக்கு முன்னாடியே ராம்ஸோட நிக்கல் ரோபி-கோல்மன் அவரை இடிச்சுத் தள்ளறார். எழுபதாயிரம் பேர் பாத்தாங்க. கொடி வரல. கூடுதல் நேரத்துல ராம்ஸ் 26-23. ரெஃப்ரீகளுக்குத் தலைவரா இருந்தவர் செயின்ட்ஸ் கோச் ஷான் பேட்டனுக்கு போன்ல தப்பு நடந்துட்டதா ஒத்துகிட்டாராம். இடிச்சவரே கொடி வரும்னு எதிர்பாத்ததா சொன்னார். பிறகு அவருக்கு 26,739 டாலர் அபராதம். ஆட்டம்? அது போனது போனதுதான். அடுத்த வருஷம் அந்த மாதிரி இடியையும் ரீப்ளே பாக்கலாம்னு ஒரு விதி போட்டாங்க, ஒரே சீசன்ல தூக்கிட்டாங்க.

அன்னிக்கு ரெஃப்ரீகிட்ட எத்தனை நிருபர் கேள்வி கேட்டாங்க? ஒருத்தர். அதான் வழக்கம். எல்லார் சார்பாவும் ஒருத்தர் போய் ரெண்டு மூணு கேள்வி, அவ்வளவுதான். தோத்த குவார்ட்டர்பேக் மட்டும் ஐம்பது மைக் முன்னாடி நிக்கணும். ஒவ்வொரு ரெஃப்ரீக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லீக் மார்க் போடுது. அந்த மார்க்கை வச்சுத்தான் ப்ளே-ஆஃப் வேலையே குடுக்கறாங்க. நமக்குக் காட்டினாங்களா? கூடைப்பந்து என்.பி.ஏ. 2015லேர்ந்து நெருக்கமான ஆட்டங்களோட கடைசி ரெண்டு நிமிஷத் தீர்ப்புகளை மறுநாள் சரி, தப்புன்னு பட்டியல் போட்டு வெளியிடுது. அவங்க ரெஃப்ரீ ஒருத்தரே சூதாட்டத்துல மாட்டி 2008ல ஜெயிலுக்குப் போனப்புறம் வந்த புத்தி. இவங்களுக்கும் அப்படி ஒருத்தன் மாட்டணுமா? 2018ல உச்ச நீதிமன்றம் பந்தயத் தடையை உடைச்சுது, 2021ல லீக்கே பந்தயக் கம்பெனிகளோட ஒப்பந்தம் போட்டுச்சு. ஒவ்வொரு கொடிக்கும் பின்னாடி இப்ப யாரோ ஒருத்தனோட வீட்டு வாடகை இருக்கு. இன்னமும் மார்க் ஷீட் ரகசியம்.

இதெல்லாம் சொன்னா நண்பன் "நீ லீக்குக்கு வக்காலத்து வாங்கறே"ங்கறான். இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டான்னே தெரியல. அந்த மார்க்கை வெளிய விடு, அந்த "சந்தேகம் வந்தா" வரியைத் தூக்கு, தூக்க முடியலைன்னா நியூட்டன்களுக்கும் சேத்து சந்தேகப்படு. கேக்கறது இவ்வளவுதான்.

அந்த சாஸ் கார்ட்னர் ஹோல்டிங்கை நேத்து திரும்பப் போட்டுப் பாத்தேன். மெதுவா ஓட விட்டு, ஏழெட்டு தடவை. லேசா ஒரு இழுப்பு இருக்கற மாதிரிதான் தெரியுது. நண்பன்கிட்ட சொல்லிடாதீங்க.